வலது தோள்ல அரை இஞ்சு

உக்காருங்கண்ணே. அந்த ஓரத்துல வேணாம், நான் எந்திரிச்சா பெஞ்சு உங்களத் தூக்கிக் கீழ போட்டுரும். நடுவுல வாங்க. மகளிர் ஸ்டேஷன்னு பேரு, பெஞ்சப் பாருங்க, பூராம் ஆம்பளைங்க உக்காந்து தேஞ்சது.

நீங்க எதுக்கு வந்திருக்கீகன்னு கேக்க மாட்டேன். கேட்டா பொய்தான் சொல்லுவீக. நான் எதுக்கு வந்தேன்னு நானே சொல்லிர்றேன். எம் மேல புகாரு. என்ன புகாருன்னா, ஜாக்கெட்டு தச்சுட்டேன்.

சிரிக்காதீக. உள்ள இருக்கிற மேடமும் இப்படித்தான் சிரிச்சாக. பெறகு தொப்பிய எடுத்து மாட்டிக்கிட்டு, சிரிக்காத மாதிரி இருந்தாக. எந்த செக்‌ஷன்ல போடுறதுன்னு அவுகளுக்கே தெரியல. பொஸ்தகத்தப் பொரட்டிப் பாத்தாக. ஜாக்கெட்டுக்குன்னு ஒண்ணும் இல்லையாம்.

எம் பேரு பவுன்ராஜு. லேடீஸ் டெய்லரு. மிசின் ஓட்டுறவன்னு நெனச்சுராதீக, கட்டிங் மாஸ்டரு. ஜபருல்லா பாய் கடை தெரியுமா, வளையல் கடைக்கு மேல மாடியில? அங்கதான். படிப்பெல்லாம் கெடையாது. இஞ்சு டேப்புல எவ்வளவு எழுதியிருக்கோ அவ்வளவுதான் நான் படிச்சது. ஆனா ஊருல பாதிப் பொம்பளைக முதுகு எனக்கு மனப்பாடம். எதுக்க வந்து வணக்கம் சொன்னாகன்னா யாருன்னு தெரியாது. திரும்பி நடந்தாகன்னா பேரச் சொல்லிருவேன்.

எம் பொஞ்சாதி பேரு நாகஜோதி. உள்ள உக்காந்திருக்கா, பச்ச சேல. எட்டிப் பாக்காதீக. அதுக்கும் சேத்து ஒரு புகாரு எழுதிக் குடுத்துருவா.

அவளுக்கு என்ன கொறங்கிறீக? ஒரு கொறையும் கெடையாது. நான் குடிக்க மாட்டேன். பீடி மட்டும், அதுவும் கடையில. வீட்ல அவளுக்கு என்ன பெரிய வேல? சமைக்கணும், தொவைக்கணும், தண்ணி பிடிக்கணும், அப்புறம் ராத்திரி ஹுக்கு. ஹுக்குன்னா, ஜாக்கெட்டுக்கு ஹுக்கு வைக்கிறது, ஓரத்த மடிச்சு எம்மிங் பண்றது. அது மிசின்ல ஆகாது, கையாலதான் தைக்கணும். சாயந்தரம் கடையிலருந்து ஒரு பை நெறயாக் கொண்டு போய்க் குடுப்பேன், விடியறதுக்குள்ள முடிச்சு மடிச்சு வச்சிருப்பா. கல்யாணமான நாள்லருந்து அப்படித்தான்.

கூலியா? என்னண்ணே இது, புருசன்கிட்டக் கூலி வாங்குவாளா எவளாவது? பாய் குடுக்கிறத நான் வாங்கிக்கிருவேன். ஒரே குடும்பந்தான.

சரி, கேளுங்க. ஆவணி வந்துச்சு. ஊருல எவன் கல்யாணம் வச்சாலும் ஆவணியிலதான் வைக்கிறான், மத்த மாசமெல்லாம் எதுக்கு இருக்குன்னே தெரியல. பெருமாக்கோயில் தெருவுல ஒரு பெரிய கல்யாணம். பொண்ணு வீட்டுப் பொம்பளைக பூராப் பேருக்கும் ஒரே கலரு, மாம்பழக் கலரு. சின்னம்மா, பெரியம்மா, அத்த, அத்த மக, பக்கத்து வீடு, எல்லாத்துக்கும். பாய் சொல்லிட்டாரு, "பவுனு, எல்லாம் நீயே வெட்டணும். வேற கை படக்கூடாது. இந்தக் கல்யாணத்துல பேரு வாங்குனா தீபாவளி நம்மளோடது"ன்னு.

பாய் நல்ல மனுசன். ஆனா வேல கூடிருச்சுன்னா திட்டுவாரு. மரியாதையாத்தான் திட்டுவாரு. "ஏம்ப்பா பவுனு"ன்னா சாதாரணம். "என்னங்க பவுன்ராஜு"ன்னு "ங்க" போட்டாருன்னா அன்னைக்கு நான் செத்தேன். அந்த மாசம் தெனம் "ங்க"தான்.

நமக்கு வாய் கொஞ்சம் நீளம், இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பீக. ஆனா பாய்கிட்ட மட்டும் வாய் வராது. அவரு சொல்றதையெல்லாம் அப்படியே வாங்கி, மடிச்சு, வச்சுக்கிட்டு வீட்டுக்கு வருவேன். வீட்ல வந்து எறக்கி வைப்பேன். நாகுகிட்டத்தான். வேற யாருகிட்ட எறக்குறது? நீங்க எங்க எறக்குவீக? பாத்தீகளா, நீங்களும் வீட்லதான்.

ஒரு நாளு பைய கொண்டு போய் வச்சேன். "தோளு வலிக்குது, இன்னைக்கு முடியாது"ங்கிறா. நான் என்ன தப்பாச் சொன்னேன்? பதமாத்தான் சொன்னேன். "கல்யாணம் வந்துருச்சு நாகு, அது நிக்காது. உன் தோளு எங்க போகப் போகுது, கல்யாணம் முடிஞ்சும் இருக்கும்ல?"ன்னேன். இதுல என்ன இருக்கு? வெளக்க அமத்திட்டுப் படுத்துக்கிட்டா.

காலையில பாத்தா பை கட்டுன கட்டு அவுக்காம இருக்கு. அப்படியே தூக்கிட்டுப் போனேன். பாய் பையத் தொறந்தாரு, என்னையப் பாத்தாரு, "என்னங்க பவுன்ராஜுங்க"ன்னாரு. ரெண்டு "ங்க". அப்படி அவரு வாயில நான் கேட்டதே இல்ல.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தூக்குச்சட்டிய வழக்கமா வைக்கிற எடத்துல வைக்கல. கொஞ்சம் தள்ளி வச்சேன். எவ்வளவு தள்ளின்னா, வாசலுக்கு வெளிய, ரோட்டுல. கொஞ்சம் வேகமா வச்சதுல மூடி எதுத்த வீட்டுக்குப் போயிருச்சு. இத அவ இங்க வந்து "தூக்குச்சட்டிய வீசுனாரு"ன்னு சொல்லியிருக்கா. வச்சதுக்கும் வீசுனதுக்கும் வித்தியாசம் தெரியாத பொம்பள.

மூடிய எடுத்துட்டு வர்றதுக்குள்ள சேலைய மடிச்சுப் பையில வச்சுட்டா. தேவதானப்பட்டியில அவ அக்கா இருக்கு, அங்க போயிட்டா.

போனா போகட்டும்னு இருந்தேன். நெசமாச் சொல்றேண்ணே, எனக்கு நிம்மதி. ஓட்டல்ல சாப்பாடு, வீட்ல அமைதி. பாய் திட்டுனத வந்து எறக்கி வைக்கத்தான் ஆளு இல்ல. செவுத்தப் பாத்துத் திட்டிப் பாத்தேன். செவுரு திருப்பி ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. ரசம் ஊத்தாத சோறு மாதிரி எறங்கல. அதத் தவிர ஒரு கவலையும் கெடையாது.

வேலையிலயும் ஒரு கொறையும் இல்ல. மாம்பழக் கலர் அம்புட்டும் அந்த நாள்லதான் வெட்டி முடிச்சேன். ஒரு அம்மாவுக்கு ரெண்டு கையும் இடது கையாத் தச்சாகன்னு வந்துச்சு. அது வெட்டுனவன் தப்புன்னு எப்படிச் சொல்ல முடியும்? ஒரு டீச்சரம்மா ஹுக்கு முன்னால கேட்டாக, பின்னாலங்கிற மாதிரி வெட்டிட்டேன். ஒரு தடவ மேச விரிப்பையும் சேத்து வெட்டிட்டேன். அதெல்லாம் எந்தக் கடையிலயும் நடக்கிறதுதான். பாய்தான், "வீட்ல எதுவும் பிரச்சனையா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. "வீட்ல ஆளே இல்ல, பிரச்சனை எங்கருந்து வரும்?"னு மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டேன்.

இப்ப தொழில் விசயம் ஒண்ணு சொல்லணும், அப்பத்தான் மத்தது வெளங்கும். ஜாக்கெட்டு வெட்டும்போது துணிய ரெண்டா மடிச்சுத்தான் வெட்டணும். ஒரு வெட்டுல ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல வந்துரும். எல்லாத்துக்கும் அப்படித்தான். நாகுவுக்கு மட்டும் வேற. அவளுக்கு வலது தோளு எறக்கம். பெறவியிலேயே. அதனால அவ ஜாக்கெட்ட மடிச்சு வெட்டிட்டு, பெறகு துணிய விரிச்சுப் போட்டு, வலது தோள்ல மட்டும் அரை இஞ்சு எடுப்பேன். எடுத்தாத்தான் அவளுக்கு அப்படியே ஒட்டி நிக்கும். இந்த ஊருல அவளுக்குச் சரியா ஜாக்கெட்டு தைக்கிற ஆளு நான் ஒருத்தன்தான். அத அவ இங்க சொல்லியிருக்க மாட்டா.

கல்யாணத்துக்குப் பாய் என்னையும் கூட்டிட்டுப் போனாரு, நம்ம வேலைய நாமளே கண்ணால பாப்போம்னு. நான் பின்னால ஒரு சேர்ல உக்காந்தேன். எனக்கு முன்னால பூராம் முதுகு. மாம்பழக் கலர் முதுகு. பாக்க அம்புட்டு அழகு. பாய் கூட "பவுனு"ன்னாரு, "ங்க" போடாம.

கெட்டி மேளம் அடிச்சாக. எல்லாரும் எந்திரிச்சாக. அட்சதைய எடுத்துக் கையத் தூக்குனாக பாருங்க. பாதிக் கை வரைக்குந்தான் போகுது. அதுக்கு மேல போகல, அக்குள்ல பிடிச்சிருச்சு. பொண்ணு மாப்பிள தலையில விழ வேண்டிய அட்சத பூராம் முன்னால குனிஞ்சு நின்ன போட்டோக்காரர் தலையில விழுகுது. அவரு என்னமோ தனக்குத்தான் கல்யாணம்கிற மாதிரி மேல பாக்குறாரு. ஒரு பெரியம்மா வீம்புக்குத் தூக்குச்சு, டர்ருன்னு ஒரு சத்தம். நாதஸ்வரத்தையும் மீறிக் கேட்டுச்சு.

நம்மூர்ல யாரு போட்டுப் பாத்து வாங்குறாக? அளவு ஜாக்கெட்டக் குடுப்பாக, தச்சத வாங்குவாக, கல்யாணத்தன்னைக்குக் காலையிலதான் மாட்டுவாக. மாட்டுன பெறகு கழட்ட முடியுமா? ஒரே கலராச்சே. அதனால என்ன பண்ணிட்டாக, பிடிக்காம இருக்க வலது தோளக் கொஞ்சம் எறக்கி, தலைய இந்தப் பக்கம் சாச்சு நின்னுக்கிட்டாக. எல்லாருமே. சின்னம்மா, பெரியம்மா, அத்த, அத்த மக. அடுப்படியில நாகு நிப்பா பாருங்க, அதே நிப்பு. ஒரு மண்டபம் பூரா நாகு. ஒருத்தியும் திரும்பிப் பாக்கல.

கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஓமப் பொகைண்ணே. பக்கத்துல இருந்தவருக்கும் வந்துச்சு, கேட்டுப் பாருங்க.

மறுநாளு பாய் ஒரு ஜாக்கெட்ட மேசையில போட்டாரு. சரிபாதியா மடிச்சாரு. வலது பக்கம் அரை இஞ்சு கம்மி. இன்னொண்ண மடிச்சாரு. அரை இஞ்சு. டேப்பு வச்ச மாதிரி எல்லாத்துலயும் அதே அரை இஞ்சு. "கவனம் இல்ல உனக்கு"ன்னாரு. எனக்கு அதுதான் வருத்தம். கவனம் இல்லாதவனா, மடிச்சு வெட்டுனத மறுபடி விரிச்சுப் போட்டு, அளந்து, ரெண்டாந்தடவ கத்திரி வைப்பான்? எம்புட்டு மெனக்கெட்டிருக்கேன்! இத அவருகிட்ட கேக்கணும்னுதான் இருந்தேன். வாய் வரல.

பெறகு பாய் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "இது உன் சம்சாரத்தோட அளவுதானப்பா?"ன்னாரு. கத்திரிய வாங்கி அலமாரியில வச்சுப் பூட்டிட்டாரு. "வீட்டச் சரி பண்ணிட்டு வா. அந்தப் புள்ள வந்தாத்தான் உனக்குக் கத்திரி. இங்கயும் ஹுக்கு அம்புட்டும் குமிஞ்சு கெடக்கு, வேற ஆளுக்குக் குடுத்தா ஒண்ணும் வெளங்கல"ன்னாரு. கத்திரி இல்லாத கட்டிங் மாஸ்டர எங்கயாவது பாத்திருக்கீகளா? இப்பப் பாத்துக்கங்க.

நானே போய்க் கூப்புட்டிருப்பேன். அதுக்குள்ள அந்த மாம்பழக் கலர் அத்தைகள்ல ஒருத்தி தேவதானப்பட்டிக்காரியாம். பாய் சொன்னத எங்கயோ கேட்டுட்டுப் போய்ச் சொல்லிட்டா, "உன் புருசன் உன் தோள எங்க எல்லாத்துக்கும் தச்சுக் குடுத்திருக்கான்டி"ன்னு. தெருவே சிரிச்சிருக்கு. இவளுக்கு மானம் போயிருச்சாம். என் சகல ஒருத்தன் இருக்கான், அவ அக்கா புருசன், எதுக்கெடுத்தாலும் மனு எழுதுற ஆளு. எழுதிட்டான். "என் அளவை ஊருக்கெல்லாம் போட்டுத் தைத்துவிட்டார்"னு.

நம்மளுக்குப் புரியுது, அவளுக்குப் புரியல. ஊருல அத்தன பொம்பளைக அளவும் என்கிட்ட இருந்துச்சு, அவ அளவத்தான போட்டேன்? அதுக்கு ஒரு புகாரா?

இருங்கண்ணே, கூப்புடுறாக. எடத்தப் பாத்துக்கங்க. எந்திரிக்கும்போது சொல்லுவேன், இறுக்கிப் பிடிச்சுக்கங்க.

*

இன்னும் உங்களக் கூப்புடலையா? நல்லது. கொஞ்சம் தள்ளுங்க.

சொல்றேன், சொல்றேன். மேடம் கேட்டாக, "ஏன்யா இப்படித் தச்ச?"ன்னு. "கடையில டியூப் லைட்டு சரியில்ல மேடம்"னேன். "லைட்டு சரியில்லன்னா எல்லாருக்குமா வலது தோளு எறங்கும்?"னாக. "லைட்டு வலது பக்கம் இருக்கு மேடம்"னேன். தொப்பிய எடுத்து மறுபடி மாட்டிக்கிட்டாக.

பெறகு நாகுவக் கேட்டாக. "உனக்கு என்னம்மா வேணும்? இந்தாள உள்ள வைக்கணுமா?" அவ உடனே "வேணாம்"னு சொல்லலண்ணே. யோசிச்சா. யோசிச்சதுதான் எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு.

"இவரு வீட்டுக்கு ஜாக்கெட்டு கொண்டாரக்கூடாது மேடம். எனக்கு முடியல. ராத்திரி பூரா ஒரு கையில துணியத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே தச்சா, விடியும்போது தோளு கழண்டு விழுற மாதிரி இருக்கு. எத்தன தடவ சொல்லிட்டேன்."

மேடம் என் பக்கம் திரும்புனாக. "ஏன்யா, தோளு வலின்னு சொல்லியிருக்கா. தெரியுமா தெரியாதா?"

"தெரியும் மேடம்"னேன்.

"எந்தத் தோளு?"

இது ஒரு கேள்வியாண்ணே? என்கிட்டப் போய்! "வலது தோளு மேடம். அரை இஞ்சு எறக்கம். பெறவியிலேயே"ன்னேன். அளவோட சொன்னேன்.

நாகு சிரிச்சா. சிரிப்புன்னா நல்ல சிரிப்பு இல்ல. "இடது மேடம்"னா. "வலிக்கிறது இடது தோளு. வலி தாங்காம அதத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கேன். அதனால வலது எறங்குன மாதிரி இந்தாளுக்குத் தெரியுது. பெறவியாம் பெறவி. யோவ், என் கல்யாண ஜாக்கெட்டு நீதான தச்ச? அதுல எறக்குனியா?"

யோசிச்சுப் பாத்தேன். ரோஸ் கலரு, சரிகக் கரை. எறக்கல. மடிச்சு வெட்டுனேன், அப்படியே தச்சேன், சரியாத்தான் இருந்துச்சு. அப்ப எனக்கு அவ்வளவாத் தொழில் தெரியாதுண்ணே, அதான்.

நீங்களே சொல்லுங்க. டெய்லருக்குத் தெரியறது டேப்புல என்ன தெரியுதோ அதுதான? டேப்புல ஏறுதா எறங்குதான்னு தெரியும். வலிக்குதான்னு டேப்புல தெரியுமா? இதத்தான் மேடம்கிட்டச் சொன்னேன். மேடம் இந்தத் தடவ தொப்பியத் தொடல. "உனக்கு வாய் இருக்குல்ல?"ன்னாக. "இருக்கு மேடம்"னேன். "கேக்கலாம்ல?"ன்னாக.

எல்லாரும் என்னையத்தான் சொல்றாக.

கடைசியில அவ வர்றேன்னுட்டா. அந்தா, தூணுகிட்ட பையோட நிக்கிறா பாருங்க. பாக்கலாம், இப்பப் பாக்கலாம். வர்றேன்னுட்டா, ஆனா வெறும் வாய்ப்பேச்சுக்கு வரமாட்டாளாம். ஹுக்கு இனிமே வீட்டுக்கு வராதுன்னு பாய்கிட்ட நான் இப்பவே, அவ காது கேக்க, போன்ல சொல்லணுமாம். சொன்னா எங்கூட பஸ் ஏறுவா. சொல்லலன்னா தேவதானப்பட்டி பஸ்ஸு. மேடமும் "பேசிட்டு வந்து கையெழுத்துப் போடு"ன்னுட்டாக.

பாய் என்ன நெனைச்சுக்கிட்டிருக்காரு? இவ வந்தா ஹுக்கு வேல நடக்கும், கத்திரியக் குடுப்போம்னு. ஹுக்கு வராதுன்னா கத்திரி வருமா? நீங்க சொல்லுங்க, வருமா?

அண்ணே, ஒரு ஒதவி. நீங்க பேசுறீகளா? உங்க கொரலு நல்லா கனமா இருக்கு. ரெண்டே வார்த்த. நான் பக்கத்துலயே நிக்கிறேன். என்ன சிரிக்கிறீக? ஊரு பூரா என் வாயப் பாத்துப் பயப்படுது, எனக்குப் பயம் அந்த ஒரு மனுசன்கிட்டத்தான். சரி, விடுங்க. நீங்களும் மத்தவுக மாதிரிதான்.

போட்டுட்டேன். அடிக்குது. எடுக்க மாட்டாரு, தொழுகைக்குப் போயிருப்பாரு. எடுக்கலன்னா எந்தப்பு இல்லல்ல?

எடுத்துட்டாரு.

ஹலோ, பாய். நான்தான்... ஆமா, ஸ்டேஷன்லதான் இருக்கேன்... வர்றேன்னுட்டா, பக்கத்துலதான் நிக்கிறா... ஆங், சரி பாய். சரி பாய்... பாய், ஒண்ணு... இல்ல, ஒண்ணு சொல்லணும்... இல்ல பாய், கத்திரி இருக்கட்டும், அத அப்புறம் பேசுவோம். ஹுக்கு இனிமே எங்க வீட்டுக்கு வராது பாய்... வராது... நெசமாத்தான் சொல்றேன்... யாரு செய்வாகன்னு எனக்கும் தெரியல பாய். நானே கடையில உக்காந்து வச்சுத் தாரேன், ஆகுற மட்டும்... கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. அவளுக்குத் தோளு வலிக்குது... இடது... இல்ல பாய், வலது இல்ல. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். இடதுதான்... என்னது?... அதா?... தெரியலையே பாய்... இருங்க, வச்சுராதீக. லைன்லயே இருங்க, கேட்டுச் சொல்றேன்.

நாகு. ஏ நாகு, இங்க திரும்பு. பாய் கேக்குறாரு. எப்பருந்து வலிக்குது?